சாமி அலமாரிப் பக்கம் ஒரு சார்ஜர்

நவம்பர் 12, வியாழன்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக என் வீட்டுக்காரர் கட்டிலடியில் இருந்த பிளாஸ்டிக் பேசினைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் ஊற்றினேன். மஞ்சள் போட்ட வெந்நீர். ஆறிப்போய், மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி ஏதோ மிதந்தது. அதில் ஒரு தோல் துண்டும் இருந்தது.

புண்ணில் தண்ணீரே படக்கூடாது என்று நேற்றுத்தான் மதுரை டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நான் தூங்கும் வரை காத்திருந்து, கட்டைப் பிரித்துக் காலை ஊறவைத்திருக்கிறார். கேட்டால், “உணத்தியா, இதமா இருந்துச்சு” என்கிறார். அந்தக் காலில் உணர்ச்சியே கிடையாது. சர்க்கரை அதைத் தின்று இரண்டு வருஷமாகிறது. வலது பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் குழி. எப்போது எதை மிதித்தார் என்று அவருக்கே தெரியாது.

பள்ளிக்கூட லேபில் வருஷா வருஷம் அழுகிய முட்டை வாடையை நானே தயாரித்துப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். முகம் சுளித்ததில்லை. அதற்கு ஒரு சமன்பாடு உண்டு. இந்தப் புண் வாடைக்கு இல்லை. இதற்கு ஒரு மனிதர் இருக்கிறார்.

டாக்டர் அமலதாஸ் சொன்னதை மறக்காமல் இங்கே எழுதி வைக்கிறேன். “போடியிலருந்து அடிக்கடி பஸ் ஏறி வந்தீங்கன்னா அந்த நடையே காலைக் கெடுத்துரும். சின்னதா ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கிக்கங்கம்மா. தினமும் கட்டு மாத்தும்போது, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு ஒரு போட்டோ. மெயில்ல அனுப்புங்க. ஓரம் கறுத்தா அன்னைக்கே கூப்பிடுவேன். உடனே வரணும். இல்லன்னா விரல் போகும். அதுக்கப்புறம் கால் போகும்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் சொன்னார்: “பதினெட்டாம் மலை முடியட்டும். எல்லாம் சரியாயிரும்.”

நவம்பர் 13, வெள்ளி

கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கும் மகள் ஹேமாவுக்குப் போன் செய்து என்ன கேமரா வாங்கலாம் என்று கேட்டேன். “எதுக்கும்மா திடீர்னு?” என்றாள். பள்ளிக்கூடத்துக்கு என்றேன். “பென்சில் செல் போடுற மாதிரி வாங்கு. நம்ம ஊர்ல கரண்ட் எப்ப இருக்கும் எப்ப போகும்னு யாருக்குத் தெரியும்? செல்லுன்னா ரெண்டு ஜோடி வச்சுக்கலாம். சார்ஜ் பண்ற செல்லா வாங்கு, சாதா செல் ஒரே நாள்ல செத்துரும்” என்றாள். அப்பா எப்படி இருக்கிறார் என்றாள். நல்லாயிருக்கிறார் என்றேன்.

நவம்பர் 14, சனி

தேனிக்குப் போய் வந்தோம். கூட வந்தது என் கொழுந்தன் சிவனாண்டி, அவருடைய தம்பி. வழியெல்லாம் அவன் பேச்சிலேயே வேறொரு கேமரா வாங்கிக்கொண்டிருந்தான்.

“வாங்குறது வாங்குறோம், பன்னெண்டு மெகாபிக்சலா வாங்கிருவோம் மதினி. மலையில எடுக்க ஆகும். முப்பது சாமிகளும் ஒரே படத்துல விழணும்ல.”

“எனக்கு ஒரு உள்ளங்கால் விழுந்தா போதும்.”



கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எல்லாமே ஸ்லிம். எல்லாவற்றுக்கும் சிரிப்பைக் கண்டுபிடித்துத் தானே படம் எடுக்கத் தெரியும். “பக்கத்துல வச்சு எடுத்தா எது தெளிவா விழும்?” என்று கேட்டேன். “எல்லாமே தெளிவுதான் மேடம். என்ன எடுக்கப் போறீங்க, பேரப்பிள்ளையா?”

எனக்கு நாற்பத்து நாலு. “ஒரு செடி” என்றேன்.

பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்து ஒவ்வொரு கேமராவிலும் ஒரு சாண் தூரத்தில் அதையே எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு மெகாபிக்சலில் டிக்கெட் மேகம் போல இருந்தது. போன வருஷத்து மாடல் ஒன்று, விலை குறைவு, தடிமனாக இருந்தது. எட்டுதான். அதில் பூ அடையாளத்தை அழுத்தினால் கிட்டத்தில் எடுக்கலாமாம். அழுத்தி எடுத்தேன். டிக்கெட்டின் பொடி எழுத்தும் கிழிசல் ஓரத்து நாரும் தெரிந்தன. பென்சில் செல் இரண்டு போட வேண்டியது. அதையே வாங்கினேன்.

சார்ஜ் ஏற்றும் செல் கேட்டபோது இரண்டு வகை காட்டினார். ஒன்றில் சார்ஜ் அளவு இரண்டாயிரம் என்று போட்டிருந்தது, விலை இரண்டு மடங்கு. இன்னொன்றில் மூவாயிரம், விலை பாதி. “கூட நேரம் நிக்கும் மேடம், விலையும் கம்மி, இதையே எடுங்க” என்றார். சிவனாண்டியும், “மூணுன்னா மூணுதான மதினி” என்றான். தலையாட்டி நாலு வாங்கினேன். பி.எஸ்ஸி கெமிஸ்ட்ரி படித்தவள்.

நவம்பர் 15, ஞாயிறு

சார்ஜ் ஏறட்டும் என்று தெருமுனைக் கடையில் சாதா செல் வாங்கிப் போட்டேன். ஒன்பது படத்தில் செத்துப்போயிற்று.

அந்த ஒன்பதில் ஆறு வீண். பிளாஷ் அடித்தால் புண் வெள்ளையாக, ஈரப் பல் மாதிரி பளபளக்கிறது. பிளாஷை நிறுத்தி, அவரை முற்றத்து வெளிச்சத்தில் உட்காரவைத்து, காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, ஸ்கேலை ஒட்டி வைத்து, பூ அடையாளத்தை அழுத்தி எடுத்தேன். வந்தது. பூவுக்கென்று வைத்த அடையாளத்தில் நான் எடுத்த முதல் படம் சீழ்.

“எங்க, காட்டு” என்றார். அவர் இதுவரை அதைப் பார்த்ததே இல்லை. உள்ளங்காலை யார் பார்க்கிறார்கள்? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேமராவின் பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு எனக்குத் தினமும் வரும் அதே சுளிப்பு வந்தது.

“இது என் கால் இல்ல” என்று சொல்லிக் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த ஒரு நிமிஷம் அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. எழுதி வைக்கிறேன். அடிக்கடி வருவதில்லை.

நவம்பர் 16, திங்கள்

கார்த்திகை பிறந்தது. மாலை போட்டுவிட்டார். இவருக்கு, தனுஷ்கோடி குருசாமிக்கு, இது பதினெட்டாவது வருஷம். பதினெட்டாம் மலைக்குப் போகிறவர் தென்னங்கன்று ஒன்றைச் சுமந்து போய் அங்கே நட வேண்டும். கன்று முற்றத்தில் ஒரு வாளியில் நிற்கிறது.

இன்றிலிருந்து செருப்பு கிடையாது. டாக்டர் எழுதிக்கொடுத்த மெத்தைச் செருப்பு பெட்டியிலேயே இருக்கிறது. இன்றிலிருந்து நானும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். “சாமி, காலைத் தூக்குங்க.” கூப்பிட்டேன், தூக்கினார். புண்ணைத் தொடுவதற்கு முன்னால் நான் குளித்திருக்க வேண்டுமாம். தொட்ட பிறகு குளிப்பது என் சொந்த விருப்பம்.

நவம்பர் 18, புதன்

மூவாயிரம் என்று போட்ட செல்கள் இரவெல்லாம் சார்ஜ் ஏறியும் பத்துப் படத்துக்கு மேல் தாங்கவில்லை. பள்ளிக்கு எடுத்துப் போய் லேப் தராசில் வைத்தேன். சார்ஜ் ஏறாத சாதா செல்லை விடவும் எடை குறைவு. உள்ளே பாதிக்கு மேல் காற்றுதான் இருக்க வேண்டும். எத்தனை பெரிய எண் எழுதினாலும் உள்ளே பொருள் இருந்தால்தானே கொடுக்கும்.

மாலையில் தேனிக்குப் போய்க் கடைக்காரரிடம் சொன்னேன். “எடை போட்டு செல் வாங்குற மொத ஆளு நீங்கதான் மேடம். அடுத்து உரசிப் பாப்பீங்களா?” என்றார். முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். இரண்டாயிரம் போட்ட செல் நாலு, மீதிப் பணத்தையும் கட்டினேன். கையில் எடுத்ததுமே கனம் தெரிந்தது.

இரண்டு செல் கேமராவில், இரண்டு சார்ஜரில். ஆனால் சார்ஜரை எங்கே மாட்டுவது? அடுப்படி பிளக் ஆடுகிறது. படுக்கை அறையில் பிளக் கருகி ஒரு வருஷம். நம்பத் தகுந்தது ஹாலில் சாமி அலமாரியை ஒட்டி, சீரியல் பல்பு போட வைத்த பிளக் ஒன்றுதான். அங்கேயே மாட்டிவிட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தால் ஏறிக்கொண்டிருக்கிறது, பச்சை வந்தால் முடிந்தது. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அதுவும் எரிகிறது.

நவம்பர் 21, சனி

பிரௌசிங் சென்டரில் படத்தைத் திறந்ததும் பக்கத்து நாற்காலியில் ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்த பெண் எழுந்தே போய்விட்டாள். கடைக்காரர் கிட்டே வந்து குனிந்து, “அக்கா, சாப்புட்டு வந்து உக்காந்திருக்கேன். இதைச் சின்னதா வச்சு அனுப்ப முடியாதா?” என்றார். சின்னதாக வைத்தால் டாக்டருக்கு ஓரம் தெரியாது என்றேன். அவர் மூலையில் சுவரைப் பார்த்த கம்ப்யூட்டரை எனக்கென்று ஒதுக்கிவிட்டார். இனி என் இடம் அது.

நவம்பர் 25, புதன்

டாக்டர் பதில்: “நன்றாக வருகிறது. ஓரம் சிவப்பாக இருக்கிறது, அதுதான் வேண்டும். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.”

முதல் படத்தையும் இன்றைய படத்தையும் கேமராவில் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஸ்கேலில் இரண்டு கோடு குறைந்திருக்கிறது. யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. இதை யாரிடம் காட்டுவது?

சாயங்காலம் சிவனாண்டி வந்து வாசலிலேயே நின்றான். அவனும் மாலை போட்டிருக்கிறான்.

“மதினி, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீக. இந்த மாசம் உங்களுக்கு எப்ப? வீட்டுல பூசை வைக்கணும். சாமிக எல்லாம் வருவாக. தேதி தெரிஞ்சா அதுக்குத் தக்கன வச்சிரலாம்.”

உள்ளே இவர் பேப்பரைப் பிடித்தபடி இருந்தார். பக்கம் திரும்பும் சத்தமே இல்லை. காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

வார இறுதியில் என்றேன். அவன் செல்போனை எடுத்து யாருக்கோ சொன்னான். என் உடம்பின் தேதி இன்றிரவுக்குள் முப்பது வீடுகளுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பெண்கள் தங்கள் தேதியோடு அதைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பார்கள். சீழைக்கூட நான் ஒரு டாக்டருக்கு மட்டும்தான் அனுப்புகிறேன்.

நவம்பர் 28, சனி

இன்று வீட்டுக்குத் தூரம். சொன்னேன்.

இவர் மாலை போட்டிருக்கும்போது தூரமானால் தங்கை வீட்டுக்குப் போய்விடுவது வழக்கம். இந்த முறை போகவில்லை, கொல்லை அறையில் இருக்கிறேன். கட்டு மாற்ற வேண்டுமே என்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்: “மூணு நாள்தான. சிவனாண்டி பாத்துக்குவான். நீ தொடக் கூடாது.”

சிவனாண்டிக்குச் சன்னல் வழியாக எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். உப்புத் தண்ணீர் பாட்டில், மருந்து, பஞ்சு, பூ அடையாளம், ஸ்கேல், என் மெயில் பாஸ்வேர்ட். செல் இறங்கினால் சாமி அலமாரிப் பக்கம் இருக்கும் சார்ஜரிலிருந்து மாற்றிக்கொள்ளச் சொன்னேன். துண்டை மூக்கில் வைத்துக்கொண்டே தலையாட்டினான். கட்டை இன்னும் பிரிக்கவே இல்லை, நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

நவம்பர் 29, ஞாயிறு

கொல்லை அறைச் சன்னலிலிருந்து முற்றத்தின் ஒரு மூலை தெரிகிறது. அவர் தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார். வெறுங்கால். வாளி வழிந்து கட்டு நனைந்தது. “சாமி, கால்” என்று கத்தினேன். திரும்பவில்லை. இந்த நாட்களில் என்னைப் பார்க்கக் கூடாது.

நவம்பர் 30, திங்கள்

பள்ளிக்குப் போனேன். கந்தக அமிலம், சில்வர் நைட்ரேட், எல்லாவற்றையும் தொட்டேன். எதுவும் கெட்டுப்போகவில்லை.

“கட்டு மாத்துனியா? போட்டோ எடுத்தியா?” என்று சிவனாண்டியிடம் கேட்டேன். “அனுப்பியாச்சு மதினி” என்றான்.

டிசம்பர் 1, செவ்வாய்

தலைக்கு ஊற்றிக்கொண்டு ஹாலுக்குள் காலை வைத்ததுமே வாடை. ஊதுபத்தி, கற்பூரம், அதற்கடியில் அது.

செல்லை மாற்றிக் கேமராவைத் திறந்தேன். மூன்று நாளைக்கும் சேர்த்து ஒரே ஒரு படம். கட்டுப் போட்ட பாதம். கட்டின் இரண்டு நுனிகளையும் உள்ளே மடித்துச் செருகியிருந்தது. அப்படிச் செருகுவது நான்தான். வெள்ளிக்கிழமை நான் போட்ட கட்டு.

அந்தக் கட்டைப் பிரித்தேன். துணி தானாகவே வந்தது, உள்ளே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பெருவிரலின் அடி கறுப்பு. ஓரம் சாம்பல் நிறம். கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து படம் எடுத்தேன்.

சிவனாண்டியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“பிரிக்கத்தான் போனேன் மதினி. கொமட்டிக்கிட்டு வந்துருச்சு. அப்புறம் கேமராவுல சார்ஜும் இல்ல. மாலை போட்ட ஒடம்பு, சீழைத் தொட்டா ஆகுமா?”

“அப்ப நான் தொடறேனே?”

“நீங்க பொம்பளை.”

அதை அவன் மரியாதையாகத்தான் சொன்னான்.

பிரௌசிங் சென்டருக்குப் போய் மெயிலைத் திறந்தேன். அதே படத்தை இரண்டு தடவை அனுப்பியிருக்கிறான். டாக்டர் ஞாயிற்றுக்கிழமையே எழுதியிருக்கிறார்: “கட்டுதான் தெரிகிறது. பிரித்து எடுத்து அனுப்புங்கள்.” திங்கட்கிழமை: “ஏன் அனுப்பவில்லை?” இரண்டையும் யாரும் திறக்கவில்லை.

டிசம்பர் 2, புதன். மதுரை

பெருவிரல் போயிற்று.

டிசம்பர் 4, வெள்ளி. மதுரை

டாக்டர் கேட்டார்: “மூணு நாள் யாருமே தொறந்து பாக்கலையா? ஏம்மா?”

இவர் சுவரைப் பார்த்தார். ஆபரேஷன் தியேட்டரில் கழுத்திலிருந்து கழற்றிய மாலையை நர்ஸ் மணிக்கட்டில் சுற்றிக் கட்டியிருந்தாள். அதை விரலால் தடவிக்கொண்டிருந்தார். “நான் ஊர்ல இல்ல டாக்டர்” என்றேன். இவர் என்னை நன்றியோடு பார்த்தார். விரலை எடுத்த குழியைப் பார்த்தபோது கூட எனக்கு அப்படிக் குமட்டவில்லை.

“இனி ஒரு நாள் கூட விடக் கூடாது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கணுக்காலோட எடுக்கணும். மலைக்குப் போகலாமா வேண்டாமான்னு புது வருஷம் பொறந்து போட்டோ பாத்துட்டுத்தான் சொல்வேன்” என்றார் டாக்டர்.

“சரிங்க” என்றார் இவர், பள்ளிப் பையன் மாதிரி.

டிசம்பர் 8, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். பார்க்க வந்த சாமிமார் முன்னால் சிவனாண்டி சொன்னான்: “வீட்டுல எங்கயோ சுத்தம் தப்பியிருக்கு. அண்ணனுக்கு இப்படி ஆகக் கூடியதா? அந்தச் சார்ஜரைக் கொண்டுபோய்ச் சாமி அலமாரிகிட்ட வச்சதே தப்போ என்னமோ.” எல்லாரும் சார்ஜரைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். காப்பி கொடுத்தேன்.

அவர்கள் போனதும் இவரிடம் கேட்டேன், “அடுத்த தடவை எனக்கு வந்தா என்ன செய்யறதா இருக்கீங்க சாமி?”

“நீ தங்கச்சி வீட்டுக்குப் போயிரு. ஒரு நர்ஸை வச்சுக்கலாம்.”

“அந்த நர்ஸுகிட்டயும் தேதி கேப்பீங்களா? மதுரையில அத்தனை நாள் கட்டு மாத்துன பிள்ளைககிட்டக் கேட்டீங்களா?”

தென்னங்கன்றைப் பார்த்துக்கொண்டு, “அது வேற. நமக்குத் தெரியாதுல்ல. தெரியாம நடந்தா தோஷமில்ல” என்றார்.

இவ்வளவுதானா என்றிருந்தது. இருபத்து மூன்று வருஷமாக நான் கொல்லை அறையில் உட்கார்ந்தது அத்தனையும் நானே வாயைத் திறந்து சொன்னதால்தானா?

டிசம்பர் 13, ஞாயிறு

குழி ஆழம் குறைகிறது. அடியில் சிவப்புக் குருத்து போல ஒன்று எழும்புகிறது. டாக்டர் “சபாஷ்” என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்.

செல்லில் மிச்சம் இருந்தது. மழை விட்டிருந்தது. தென்னங்கன்றின் ஓலையில் நின்ற ஒரு துளியைப் பூ அடையாளத்தில் எடுத்தேன். துளிக்குள் முற்றம் தலைகீழாகத் தெரிந்தது. புண்ணுக்கென்று வாங்கிய கேமராவில் புண் இல்லாத முதல் படம். அழிக்கவில்லை.

டிசம்பர் 20, ஞாயிறு

சிவனாண்டி சார்ஜரைக் கழற்றி அடுப்படியில் ஆடும் பிளக்கில் மாட்டியிருக்கிறான். விளக்கு எரியவே இல்லை. திரும்ப எடுத்து வந்து சாமி அலமாரிப் பக்கமே மாட்டினேன். இவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “மாட்டிக்க” என்றார்.

சிவனாண்டி வாசலிலிருந்து, “மதினி, இந்த மாசம்...” என்று ஆரம்பித்தான். “நாப்பத்து நாலு வயசு ஆச்சுல்ல. இனி அது எப்ப வரும், வருமான்னே தெரியாது” என்றேன். அவன் வெட்கப்பட்டுப் போய்விட்டான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்கு வெட்கம்.

டிசம்பர் 24, வியாழன்

இன்று காலை வந்துவிட்டது.

குளியலறையில் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்குப் பக்தி இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் இவர் மலை இறங்கி வீடு வந்து சேரும் வரை நானும் ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன். பயமாக இருந்தது. வயிற்றில் வலி வேறு. தங்கைக்குப் போன் செய்தால் பத்து மணி பஸ்ஸில் போய்விடலாம். சிவனாண்டி துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு வருவான். சனிக்கிழமைக்குள் அந்த வாடை திரும்ப வரும்.

தலைக்கு ஊற்றிக்கொண்டு, துவைத்த சேலை கட்டிக்கொண்டு ஹாலுக்குள் போனேன். இவர் விளக்கேற்றி முடித்திருந்தார். சார்ஜரில் பச்சை எரிந்தது. அலமாரிக்கு முன்னால் நின்று கும்பிட்டேன். பிறகு கையை நீட்டி இரண்டு செல்லையும் எடுத்தேன். இளஞ்சூடாக இருந்தன. ஒன்றும் ஆகவில்லை.

“குளிச்சிட்டியா?”

“குளிச்சாச்சு சாமி. காலைத் தூக்குங்க.”

தூக்கினார். பிரித்தேன், கழுவினேன், துடைத்தேன். வாடை இல்லை. மருந்து வாசனை மட்டும்தான். ஸ்கேலை வைத்து எடுத்தேன். கேமராவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். “மூடிருமா?” என்றார். மூடிவிடும் என்றேன். நுனிகளை உள்ளே மடித்துச் செருகினேன்.

பிரௌசிங் சென்டரில் பெரிதாக்கியபோதுதான் கவனித்தேன். படத்தின் ஓரத்தில், ஸ்கேலைப் பிடித்த என் கட்டைவிரலும் விழுந்திருக்கிறது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

இந்தப் புண் மூடும் வரை எனக்குத் தூரம் கிடையாது. மூடிய பிறகும் கிடையாது. இனி இந்த வீட்டில் யாருக்கும் அது தெரியப்போவதில்லை. தெரியாததில் தோஷம் இல்லை என்று குருசாமியே சொல்லியிருக்கிறார்.